ஓநாய்தான் என்று சொன்ன அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நம் ஆரணிக் கடையில் புடவை எடுக்க வருகிறவர்கள் இன்னும் "மாட்டு டாக்டர் தம்பிதானே?" என்று கேட்கிறார்கள். பட்டுப் புடவையைத் தவிர வேறு பேச்சே இல்லாத வீட்டில் பிறந்த உனக்கு, ஓநாய்மேல் எப்படித்தான் ஆசை வந்ததோ?

உன்னை நினைத்தாலே முனியம்மாவின் ஆட்டுப்பட்டிதான் கண்முன் வருகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டிய பட்டி. விடிந்து பார்த்தால் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. பைக்கில் உன்னை அழைத்துப்போனவன் நான். முனியம்மா கையில் பூச்சிமருந்து பாட்டில். செத்த ஆட்டின்மேல் அதை ஊற்றி வைத்தால், தின்ன வருவது எதுவும் பிழைக்காது.

"நாய் கட்ச்சிதா, ஓநாயா? உண்மைய சொல்லுங்க டாக்டரம்மா" என்றார்.

நாய் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது ஒரே ஜோடி என்று நீதானே சொல்லியிருந்தாய்? கழுத்துக் காயத்தை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, "ஓநாய்தாம்மா" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப ஊத்திடறேன்."

"ஊத்தினா உங்க நாயும் சாவும். பத்து நாள் டைம் குடுங்க. பட்டிக்கு நானே வேலி கட்டித் தரேன்."

"வேற யாராச்சும்னா நாயின்னு சொல்லி ஏமாத்திகினு போயிருப்பாங்க" என்று முனியம்மா பாட்டிலை மூடினார்.

கம்பிவலை இழுத்து என் உள்ளங்கை கிழிந்தது. நீ சிரித்தாய்; அப்புறம்தான் மருந்து போட்டாய். அடுத்த வாரமே பட்டியைச் சுற்றி ஓநாயின் கால்தடம் கிடந்தது. ஆடு ஒன்றும் குறையவில்லை. பொய் சொல்லியிருந்தால் அந்த வேலி வந்திருக்குமா, அக்கா?

சேதி இனிமேல்தான். போன வாரம் முனியம்மா போன் செய்தார். "தம்பி, ஓநாய் குட்டி போட்டுக்கீது! நாலு. வெயில்ல விளையாடிகினு கீதுங்க. டாக்டரம்மா பாக்காம பூட்டாங்களே!" வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதுவிட்டேன். மறுநாளே போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒன்றின் வாலை ஒன்று கடித்து இழுக்கிறது. தாய் கண்டுகொள்ளவே இல்லை.

கேமராவோடு நாலு பேர் வந்து ஓநாய்க் குகை எங்கே என்று கேட்டார்களாம். முனியம்மா வாயைத் திறக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லமாட்டேன், இது சத்தியம். உன் நினைவு மலரில் அச்சாகப் போகும் இந்தக் கடிதத்தை ஊரே படிக்கும். அதனால் உனக்குக்கூட இடத்தை எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் கூடப்பிறந்தவன்,
சேகர்