உதிர்ந்த இறகு எங்கே?

பாப்பிரெட்டிப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஆண்டோவுக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் அருளால் நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். ஹாஸ்டலுக்குத் தபாலில் போட்டால் யார் பிரிப்பார்களோ என்று பயம். கோயம்புத்தூருக்கு வேலையாக வருகிற நம் பங்குச் சாமியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே விடாத மழை. முட்டைக்கோழிகளை வெளியே விட முடியாமல் கொட்டகையிலேயே அடைத்து வைத்திருந்தேன். ஒரு கோழிக்கு வால்பக்கம் இறகு குறைந்தது. இறகு உதிர்க்கிற பருவம்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு முதுகு, பிறகு கழுத்து.

அரூரிலிருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். கோழியைப் பார்க்கவில்லை, குனிந்து தரையைத்தான் முதலில் பார்த்தார். "உதிர்ந்திருந்தா கீழ கெடக்கணும்ங்களே, ஒரு இறகாவது கெடக்குதுங்களா?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. மற்றக் கோழிகள் பிடுங்கித் தின்றிருக்கின்றன. கிளற ஒன்றும் இல்லாமல் நெருக்கிக்கொண்டு கிடந்தால் அப்படித்தான் ஒன்றையொன்று கொத்துமாம். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் நிறுத்தாதாம். கொத்துப்பட்டதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மழை விடட்டும், காலையில் பிரிக்கலாம் என்றிருந்தேன். காலையில் சுவரோரம் செத்துக் கிடந்தது. குடலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அது ஒருநாளும் கத்தவில்லை, ஆண்டோ. தீனி வைத்தால் வந்து தின்றது. தின்றுவிட்டு மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நானும் நினைத்தேன். நீயும் போனில் சாப்பிட்டேன்ப்பா, நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் சொல்கிறாய்.

முதலில் உன் ஷூ தொலைந்தது. பிறகு போர்வை. பிறகு சித்தப்பா வாங்கித் தந்த பச்சைப் பட்டை வாட்ச். பொறுப்பில்லாத பிள்ளை என்று அம்மா திட்டினாள், நீ தலைகுனிந்து கேட்டுக்கொண்டாய். நேற்று நீ அனுப்பிய கல்லூரி விழாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோளில் கை போட்டிருக்கிறானே ஒரு சீனியர், அவன் மணிக்கட்டில் இருக்கிறது அந்த வாட்ச். எல்லோரும் சிரிக்கிறார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை. லீவுக்கு வந்தபோது அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை நீ. ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மிச்சக் கோழிகளுக்கு அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதைக் கொத்திக்கொண்டிருக்கின்றன, சண்டை குறைந்திருக்கிறது. உனக்கு இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? புகார், பிரின்சிபால் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். படிப்பையும் அப்புறம் பார்க்கலாம். சாமியாரோடேயே கிளம்பிவிடு. பெட்டியை எடுக்கிறேன் என்று அறைக்குத் திரும்பிப் போகாதே. பொம்மிடி ஸ்டேஷனில் வண்டியோடு நிற்கிறேன். நாளைக்கு என்று மட்டும் சொல்லாதே.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்று அம்மா உன் வாட்சுக்காகத் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று நானும் வேண்டிக்கொள்கிறேன். வாட்ச் வேண்டாம் அந்தோணியாரே, பிள்ளையைக் கொடுங்கள் என்று.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்