மூன்றாவது டெஸ்டுக்கு முன்னால்

பெரம்பலூர்
12.8.1984

அன்புள்ள தம்பி பழனிவேலுக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். அப்பா கையெழுத்தை எதிர்பார்த்துப் பிரித்திருப்பாய், மன்னித்துக்கொள். இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் நான் உனக்கு எழுதியதில்லை, அப்பா எழுதும் கடிதத்தின் அடியில் சின்னம்மா விசாரித்தாள் என்று ஒரு வரி வரும், அதோடு சரி. போன லீவில் நீ வந்திருந்தபோதும் சோறு போடட்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. உன்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவள், அம்மா இடத்தில் நின்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் பி.ஏ. நான், ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடிக்கிறேன், இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று தாள் கிழித்துவிட்டேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். துபாய் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், அந்த இருமல் விட்டதா?

இங்கே ஆடி முழுக்கக் காற்றுதான், மழை ஒரு தூறலோடு போய்விட்டது. அப்பா உரக் கிடங்கு வாட்ச்மேன் வேலைக்குத் தவறாமல் போகிறார். போன மாதம் கண் காட்டத் திருச்சிக்கு அழைத்துப்போனேன், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். நீ ஜூனில் எழுதிய கடிதம் வந்தது. அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தால் கம்பெனியில் பிக்கப் வண்டி தருவார்கள், கல் தூக்குவதிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் இரண்டு டெஸ்டிலும் ஃபெயில், செப்டம்பரில் மூன்றாவதும் போனால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்னும் பதில் எழுதவில்லை. கேட்டால் எழுதறேன் எழுதறேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, லீவில் ஊருக்கு வந்திருக்கும் உன் ரூம்காரர் நிஜாமுதீன் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து, நீ கொடுத்தனுப்பிய டார்ச் லைட்டையும் தைலத்தையும் கொடுத்தார். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். அப்பா உன் டெஸ்டைப் பற்றிக் கேட்டதும், மாமா, ஒங்க புள்ள டிரம்முக்கு நடுவுல ரிவர்ஸ் எடுக்கறதெல்லாம் பிரமாதம், ரோட்டுக்கு வந்தாத்தான் போச்சு, எதுக்க ஒரு ஈ காக்கா இருக்காது, திடீர்னு பிரேக்க மிதிச்சு நிறுத்திப்புடுவான், பக்கத்துல ஒக்காந்திருக்க போலீஸ்காரன் யாருய்யா குறுக்க வந்தான்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறான் என்றார். அப்பா, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வச்சுட்டு ஏறச் சொல்லுப்பா என்றார். அதற்கு அவர், அங்க அத வச்சா ரோட்டுல குப்பை போட்டேன்னு ஃபைன் அடிப்பான் மாமா என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார். வண்டிகள் அங்கே வலப்பக்கம் போவது எப்படி என்று தெரிந்துகொள்ளக் கொல்லைச் சிமெண்டுத் தரையில் கரியால் ரோடு போட்டுத் தீப்பெட்டிகளை வண்டியாக வைத்து நகர்த்தச் சொன்னார். உனக்கு எழுதத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நிஜாமுதீன் பஸ்ஸுக்குப் போன பிறகு துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அப்பா அங்கேயே குந்தியிருந்தார். இப்போது ஒரே ஒரு தீப்பெட்டிதான் இருந்தது, அதுவும் இடப்பக்கம். எதிரே ஒரு புளியங்கொட்டை. அதை ஓரத்தில் வைத்துத் தீப்பெட்டியைத் தள்ளிப் பார்க்கிறார், பிறகு நடுவில் வைத்துத் தள்ளுகிறார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப எடுக்கிறார். இது துபாய் ரோடாங்க என்று கேட்டேன். பாடாலூரு என்றார்.

தம்பி, அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே, என் வாயிலிருந்து இது யாருக்கும் போகாது. ஆறு வருடத்துக்கு முன் அரியலூர் சிமெண்டில் பாதியை இங்கே இறக்கிவிட்டு மீதியோடு திருச்சிக்குப் போகும்போது, இரண்டு நாள் தூக்கமில்லாமல் அவர் லாரியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்தாராம். உனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. சத்தம் கேட்டு எழுந்தபோது நன்றாக விடியவில்லை, ஆண்டாயி என்ற அந்த அம்மா ரோட்டில் கிடந்தார், பக்கத்தில் சொம்பு உருண்டு கிடந்தது. உன்னை நகர்த்திவிட்டு அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த எட்டு மாதத்தைப் பற்றியோ, போன லைசென்ஸைப் பற்றியோ அவர் என்னிடம் ஒரு குறை சொல்லவில்லை. கோர்ட்டில் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். அந்தம்மா திடீர்னு குறுக்க ஓடியாந்துட்டாங்க என்று, தான் பார்க்காததைச் சொல்லியிருக்கிறார். உடனே அந்த அம்மாவின் புருஷன் பாவாடை என்பவர் எழுந்து, ஓடியாந்தாளா, இடுப்பு புடிச்சு நாலு மாசமா செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தவ எப்புடிய்யா ஓடியாருவா என்று கத்தினாராம். அவரை உட்காரவைத்துவிட்டார்கள். செத்தவள நான் ஓட வச்சுட்டேன் கமலா என்றார் அப்பா. அவ ஓடலன்னா என்னதான் நடந்துச்சு, புள்ள கண்ணசந்துட்டானா, அவ ஓரமா நின்னாளா, எல்லா மாதிரியும் வச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் புடிபடல என்றார். உன்னைக் கேட்கவேண்டியதுதானே என்றேன். கேட்டா சந்தேகப்படுறேன்னு நெனச்சுக்குவான் என்றார்.

திருச்சி போகும்போது பஸ்ஸில் நான் ஒன்று பார்த்தேன். பாடாலூர் நெருங்கியதும் அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. பேசிக்கொண்டேதான் இருக்கிறார், காலுக்கு மட்டும் எதுவோ தெரிகிறது. திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அப்படித்தான். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். அப்பா இதைச் சொன்ன பிறகுதான் அந்தக் காலையும் நிஜாமுதீன் உன்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் காலி ரோட்டில் நீ யாரைப் பார்த்து நிறுத்துகிறாய் என்று நான் கேட்கவில்லை.

டெஸ்ட் அன்று வெறும் வயிற்றோடு போகாதே, இரண்டு இட்லியாவது கிடைக்கிற இடத்தில் சாப்பிடு. திரும்பும் இடத்தில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்கிவிடாதே. துபாய்க்குத் திரும்பும் நிஜாமுதீனிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்புகிறேன், காற்றுப் புகாத டப்பாவில் கொட்டிவை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயந்து கவரை ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், அவருக்கு ஒன்றும் தெரியாது, படித்ததும் கிழித்துவிடு. அப்பாவுக்கும் நான் எழுதியது தெரியாது. நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், வண்டி கிடைத்து நல்லபடியாக ஓட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தாலும் சரி. டெஸ்டுக்குப் போவதற்கு முன்னால், அன்று நீ பார்த்ததை அப்பாவுக்கு எழுது. கண்ணசந்திருந்தால் கண்ணசந்தேன் என்று எழுது. அந்த அம்மா ஓரத்தில் நின்றிருந்தால் நின்றார் என்று எழுது. அவர் மனசு நோகக்கூடாது என்று எதையும் சேர்த்து எழுதாதே. நடந்தது எதுவானாலும் அவர் தாங்கிக்கொள்வார், நடக்காததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
அ. செங்கமலம்