நாலாவது கட்டத்தில் ஒரு பெயர்

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திய பத்திரிகைக் கடையில் இன்று மஞ்சள் வாசனை தூக்கலாக இருக்கிறது. கீபோர்டுக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் முதல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தானே கொடுப்பாய்? இன்று அடிக்க வேண்டியது என் மகள் கார்த்திகாவின் பத்திரிகை. நீ இருந்திருந்தால் என்னை நாற்காலிப் பக்கமே விட்டிருக்க மாட்டாய்.

தாராவியில் பத்திரிகை அடிக்க வருகிற யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒருவர் வேலையை மூடிவிட்டு அடுத்தவருடையதைத் திறந்தால் கடையே ரெண்டாகிவிடும். அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். கம்ப்யூட்டரில் ஒரே ஜன்னலை நாலு கட்டமாகப் பிரித்து, நாலு வேலையையும் ஒன்றாகத் திறந்து வைத்துவிடுவாய். மேலே கல்யாணமும் பூப்புச் சடங்கும், கீழே புதுவீட்டுப் பால்காய்ப்பும் கண்ணீர் அஞ்சலியும். பின்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தன் வேலைதான் நடக்கிறது என்ற நினைப்பு. கெட்டிக்காரிதான் நீ.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு நாள் அடி விழுந்தது. உன் கண் கல்யாணக் கட்டத்தில் இருந்தது, கர்சர் கீழே நின்றது. மாப்பிள்ளையின் பெயர் நேராகக் கண்ணீர் அஞ்சலிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "ஐயோ, எம் புள்ள!" என்று அவன் அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோல் பட்டறை ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பையன் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அன்று அதற்குப் பிறகு நீ கீபோர்டைத் தொடவில்லை.

மறுநாளிலிருந்து புது வழக்கம் வைத்தாய். அஞ்சலி வேலை ஒன்று முடிந்ததும் இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உன் பெயரை அடித்து வைப்பாய். "கூறு கெட்டவளே, எடுத்துருட்டி அத" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டேன்.

நீ சிரித்தாய். "காலியாக் கெடந்தாத்தாம்ட்டி பக்கத்துக் கட்டத்துல உள்ளவன் வந்து உக்காருதான். நான் உக்காந்திருக்கேம்லா, இனி ஒருத்தனும் வர முடியாது."

பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்தாய். டாக்ஸி ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் உன் போட்டோவோடு கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் அந்த ஜன்னலைத் திறந்தேன். நாலாவது கட்டத்தில் உன் பெயர் தயாராக இருந்தது. படத்தையும் தேதியையும் மட்டும் சேர்த்தேன்.

"அதுக்குள்ள அடிச்சிட்டியா தாயி?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல, பாவி? அன்று உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன் பிறகு உன் பெயரை அங்கே வைக்க மனசு வரவில்லை. போனவளை எப்படிக் காவலுக்கு நிறுத்துவது? ஒவ்வொரு அஞ்சலி வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டேன். கட்டத்தை ஒரேயடியாக மூடிவிடவும் முடியவில்லை. மூடினால் உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

இன்று கார்த்திகா என் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணக் கட்டத்தில் கர்சரை வைத்து அவள் பெயரை அடித்தேன். அங்கே ஒன்றும் விழவில்லை. கீழே பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்கு அடியில் கார்த்திகா என்று இருந்தது.

அவள் பார்க்கும் முன் அழித்தேன். மேலே கிளிக் செய்து, கர்சர் அங்கேதான் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் கீழேதான் போய் உட்கார்ந்தது. மவுஸ் கோளாறு என்பாய். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அழித்த இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது, யாராவது ஒருவர் வந்தாக வேண்டும் என்பதுபோல.

அங்கே என் பெயரை அடித்தேன்.

பிறகு மேலே போய்க் கார்த்திகா என்று அடித்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாப்பிள்ளை பெயரும் அப்படியே. தாத்தா பாட்டி பெயர் வரை ஒரு பிசகில்லை.

போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவள் கீழ்க் கட்டத்தைக் காட்டினாள். தமிழில் எங்கள் பெயர்களைத் தவிர வேறெதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அரே மம்மி, நீச்சே உன் பேர் ஏன் இருக்கு? அது யார் கார்டு?"

"சும்மா எடம் போட்டு வச்சிருக்கேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. இவளுடைய சடங்குப் பத்திரிகையை நீதான் அடித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் கீழே உன் பெயர் இருந்தது, அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டினேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாலாவது கட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.