மதிலுக்கு மேலே தண்ணீர்

பிப்ரவரி 9

என் கண்ணே,

நலம். உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. பஸ் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் மறுபடியும் சொல்லிவிட்டார். அதனால் உன் கடிதம்தான் எனக்கு ஏரி, உன் கடிதம்தான் வானம். காலையில் அதை வாய்விட்டுப் படித்த பிறகே தூரிகையைத் தொடுகிறேன். “அழுக்குப் பச்சை” என்று எழுதியிருந்தாயே, அதற்காக நீலத்தில் காவியைக் கலந்து பூசி, துடைத்து, மறுபடி பூசினேன். ஒருவழியாகப் பிடிபட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கோபித்துக்கொள்ளாதே. எந்தப் படத்திலும் நான் முதலில் போடுவது பார்வைக்கோடு. பார்க்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் அந்தக் கோடு. போன மாதம் வரை மதில் ஏரியை மறைக்கிறது என்று எழுதினாய். இந்தத் தடவை மதிலுக்கு மேலே தண்ணீர் தெரிகிறது, நடுவே மண்திட்டு தெரிகிறது, அக்கரையில் மேயும் மாடுகூடத் தெரிகிறது. கோடு ஒரு மாடி உயரம் ஏறிவிட்டது. நீ இருப்பதோ கீழ் வீடு. யார் வீட்டில் நின்று பார்த்தாய்?

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

மகா ஓவியருக்கு,

ஓவியரைக் கட்டிக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போலீஸ்காரரை என்று இப்போதுதான் தெரிகிறது.

“மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?” என்று கடிதத்துக்குக் கடிதம் நச்சரித்தது யார்? வெட்கத்தை விட்டு மாடி வீட்டுக் கம்பவுண்டரிடம் கேட்டேன். “படத்துக்குத்தானே மேடம், தாராளமா வந்து பாருங்க. அம்மா வீட்லதான் இருப்பாங்க” என்றார். நீரேற்று நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை முடிந்து வந்ததும் அவர்கள் பால்கனியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரு எட்டு வந்து பார்ப்பீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். போகட்டும், முழங்காலை நான் குறை சொல்ல முடியாது. நம் ஊருக்கு மாற்றல் கேட்டது மேலிடத்துக்குப் போயிருக்கிறது, சீக்கிரம் கிடைத்துவிடும் என்கிறார் மேலாளர். அதற்குள் என்னை விசாரித்து முடித்துவிடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் குற்றவாளி

ஏப்ரல் 20

என் கண்ணே,

உன் கேலியை ரசித்தேன். சந்தேகமெல்லாம் ஒன்றுமில்லை, ஓவியன் புத்தி அப்படி. கம்பவுண்டர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். சின்ன வயதா?

நல்ல செய்தி ஒன்று. கண்காட்சிக்கு என் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஏரியை இல்லை, உன் தெருவை. அழைப்பிதழிலும் அதையே அச்சடித்திருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நீ எழுதிக் காட்டியதுதான். நான் கையை மட்டும்தான் அசைத்தேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 29

வணக்கம்.

அழைப்பிதழ் கிடைத்தது. படம் நன்றாக இருக்கிறது. முகத்துக்காகச் சொல்லவில்லை, மிக நன்றாக இருக்கிறது.

என் வாசலில் ஒரு ஜல்லிக் குவியல் போட்டிருக்கிறீர்கள். குழாய் பதிக்க மார்ச் முதல் வாரத்தில் கொட்டினார்கள், அந்த வாரமே அள்ளிவிட்டார்கள். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு உங்கள் பார்வைக்கோட்டைத் தேடினேன். தாழ்வாக இருக்கிறது, எதிர்ச்சாரியில் ஏரி மதிலை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஆளின் கண் உயரம். கடைக்காரரிடம் கேட்டேன். “ஆமாக்கா, ஒருத்தர் காலை நீட்டிக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தார். டீ மேல டீ குடிச்சார், பேச்சே இல்ல” என்றார்.

காய்ச்சலில் கிடந்தவளைப் பார்க்க வர முடியாத முழங்கால், வேவு பார்க்க மட்டும் பஸ் ஏறியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தவருக்குத் தெருவைத் தாண்டிக் கதவைத் தட்ட மனம் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் சாயங்காலம் நான் பால்கனியில்தான் நின்றிருந்தேன். பக்கத்து நாற்காலியில் கம்பவுண்டரின் அம்மா. தண்ணீரின் நிறத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜல்லியைக் கல் கல்லாகப் போட்டவர், பால்கனியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். தப்பாக எதுவும் கண்ணில் படவில்லை, ஆனாலும் என்னை அங்கே வைக்க உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாற்றல் உத்தரவு திங்கட்கிழமை வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களாம்மா?” என்றார் மேலாளர். கேட்டாயிற்று என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொரு தடவை பஸ் ஏறினால் கதவைத் தட்டுங்கள். திறப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது.

கீழ் வீட்டில் இருப்பவள்