சிவாஜிநகரில் சுண்டிய நாணயம்

சார், இன்று காலை பழைய துணிப்பையை உதறினேன். கணக்கெடுப்புக்கு நாம் தோளில் மாட்டிக்கொண்டு போன பை. அடியிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயம் உருண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. குனிந்து எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அந்த நாணயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லாமல் விட்ட உண்மை ஒன்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆய்வு நிறுவனம் நம் இருவரையும் அனுப்பியது. சட்டவிரோத இணையச் சூதாட்டத் தளங்களில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பெங்களூர் சிவாஜிநகரில் முதல் நாள் முழுக்கக் கேட்டதில் ஒருவர்கூட ஆடவில்லையாம். துணிக்கடைக்காரர் ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, அவர் சட்டைப்பையில் இருந்த போன் ‘மீண்டும் சுழற்றுங்கள்’ என்று கூவியது. அவர் மனைவி கன்னடத்தில் ஏதோ சொன்னார். மொழி தெரியாதவருக்கும் அது புரிந்திருக்கும்.

“இந்த ஃபாரத்தை அப்படியே குடுத்தா பெங்களூர்ல சூதாட்டமே இல்லன்னு ஆயிடும் சார்,” என்றீர்கள். “பரீட்சை ஹால்ல போயி யாருடா காப்பியடிச்சதுன்னு கேட்டா எவன் கை தூக்குவான்?”

பஸ் நிலையத்து டீக்கடையில் உங்கள் கணக்கு மூளை வேலை செய்தது. பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது எந்த ‘ஆமாம்’ என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேருக்குத் தலை விழும். அதற்கு மேல் வரும் ‘ஆமாம்’ எல்லாம் பூ விழுந்த நிஜ ஆட்டக்காரர்கள்; அதை இரட்டித்தால் நூறு பேருக்கும் கணக்கு வந்துவிடும். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் ஊரை அளந்துவிடலாம்.

முதல் சோதனை என்மேல். நான் திரும்பி நின்று சுண்டிப் பார்த்துவிட்டு, “ஆமாம்” என்றேன்.

“தலையா இருக்கும்,” என்று நீங்களே முடிவு செய்து டீயை உறிஞ்சினீர்கள்.

நிறுவனத்தில் ஒப்புதல் வாங்கி மறுநாள் தையல் கடைக்குப் போனோம். நாணயத்தைக் கண்டதும் தையல்காரர்கள் மூன்று பேரும் தலைக்கு ஒரு டீ, பூவுக்கு ஒரு டீ என்று பந்தயம் கட்டிவிட்டார்கள். சூதாட்டத்தை அளக்கப் போனவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கி வைத்தோம். கடைசியில் ஒவ்வொருவராக உடைமாற்றும் அறைக்குள் அனுப்பி, திரையைப் போட்டு, சுண்டச் சொன்னீர்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவரும் வரிசையில் நின்று சுண்டிவிட்டுப் போனார். மற்ற கடைகளையும் முடித்த சாயங்காலத்துக்குள் ‘ஆமாம்’ பாதியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

அன்றிலிருந்து தினமும் கிரிக்கெட் ஆட்டம் தொடங்குகிற நேரம் பார்த்து என்னை நடக்கக் கூப்பிட்டீர்கள். “போன் எதுக்கு சார் கனமா? வீட்லயே வெச்சிட்டு வாங்க.” மூட்டுவலி, மழை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், குடையோடு வந்து நின்றீர்கள். சீசன் முடிவதற்குள் எனக்கு அந்தச் சூதாட்டத் தளத்தின் கடவுச்சொல்லே மறந்துபோயிற்று.

நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. உங்கள் கணக்கில் கேட்கக் கூடாது என்பதுதானே விதி.

இப்போதும் அந்த நேரத்துக்குப் போனை அலமாரியில் வைத்துவிட்டு நடக்கத்தான் போகிறேன். சட்டைப்பையில் இந்த நாணயம் மட்டும்.

அன்று டீக்கடையில் எனக்கு விழுந்தது பூ, சார்.