பின்வரிசையில் கட்டிய சால்வை

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தைகளும் நலம்தானே? எனக்கு மணிக்கட்டில் சிறு வீக்கம், வேறொன்றுமில்லை.

மன்னிப்புக் கேட்காவிட்டால் என் வேலை போய்விடும் என்று, என் முதலாளியான உன் நண்பன் உன் காதில் ஊதியதை நம்பி எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன்.

கப்பலில் வருகிறவர்களுக்குத் தீவைச் சுற்றிக்காட்டும் அவனுடைய கூரையில்லாப் பேருந்தில், “எல்லா இருக்கையிலும் பெல்ட் உண்டு” என்று தினமும் மைக்கில் வாசிப்பவள் நான். பின்வரிசை இருக்கைகள் நான்கிலும் பெல்ட் அறுந்து மூன்று வாரமாகிறது. செவ்வாய்க்கிழமை மலை வளைவில் ஒரு பெண்மணி வெளியே விழப்போனாள், பிடித்து இழுத்தேன். மறுநாள் அந்த வரியை வாசிக்கவில்லை. “பின்னால் பெல்ட் இல்லை, உட்காராதீர்கள்” என்று சொல்லி, என் சால்வையை அந்த இருக்கைகளின் குறுக்கே கட்டினேன்.

“எழுதிக் குடுத்ததைப் படிங்க பாட்டி, போதும்!” என்று வண்டியடியில் வந்து கத்தினான் உன் நண்பன்.

“நான் உனக்குப் பாட்டி இல்ல. கான்வென்ட்ல எனக்குப் படிக்கத்தான் சொல்லிக்குடுத்தாங்க, புளுக இல்ல” என்றேன். ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

இப்போது சால்வை இல்லாமல் வண்டியில் காற்று காதைக் குடைகிறது. அலமாரியில் அப்பாவின் சாம்பல்நிறச் சால்வை இருக்கும், அனுப்பு. துவைக்காதே. அடுத்த கடிதத்தில் ஒரு பக்கமாவது குழந்தைகள் எழுதட்டும். உன் பிழைகளையே எத்தனை முறை படிப்பது?

கப்பல் வந்துவிட்டது, வண்டிக்குப் போகிறேன். அவன் புது பெல்ட்டுகளை மாட்டட்டும், நான் கட்டியதை அவிழ்க்கிறேன். அதுவரை மன்னிப்பு என்ற சொல்லை எனக்கு எழுதாதே.

உன்னைப் பெற்றவள்