வாப்பாவின் கூட்டாளியின் மகள்

கல்முனைக்குடி
14.07.2024

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைக்க எனக்கு முகமில்லை, அதனால் எழுதுகிறேன்.

அல்லாஹ்வின் கிருபையால் என் மகள் ஹிமாயாவுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை றிப்தி, பாலமுனைப் பொடியன். பெண் பார்க்க வந்தபோது அவருடைய உம்மா மைமூனா, சுவரில் தொங்கிய உங்கள் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துவிட்டார். "பேப்பர்ல வந்த புவியியல் பேராசிரியர் இவதானே? கலியாணமும் முடிக்காம, மலைச்சனம் எப்பிடிப் பொழைக்குதெண்டு பாக்க தேயிலத் தோட்டத்து லயத்துலயெல்லாம் போய்த் தங்குறாவாம். ஒங்களுக்கு என்ன மொற?" என்று கேட்டார்.

"வாப்பாட கூட்டாளிர மகள்" என்றேன். சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் வந்த சொல். அவர்கள் போனதும் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது பாருங்கள், பெண்ணுக்கு வீடு எழுத வேண்டும். மூத்த மகளென்று உம்மா இந்த வீட்டை உங்களுக்கல்லவா எழுதினார்? ஹிமாயாவுக்குத் தருவதாக நீங்கள் எப்போதோ சொன்னதை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். கேட்கவே கூசுகிறது.

உங்கள் தங்கை,
ஸுல்பிகா

ஹப்புத்தளை
23.07.2024

ஸுல்பிகா,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஹிமாயா மணப்பெண்ணா! என் வரைபடத்தில் மலைக்கெல்லாம் நீல மை பூசியவளா!

இங்கே அடைமழை. மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எப்போதும் சரியலாம். விளைந்த லீக்ஸைப் பிடுங்காமல் இறங்கமாட்டோம் என்று சனம் அடம்பிடிக்கிறது. வீட்டை விட்டு இறங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வது என் வேலை. என் வீட்டைக் கொடுக்கவா யோசிப்பேன்? வருகிறேன்.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. நான் என்ன களவா எடுத்தேன்? ஊரோடு சண்டை பிடித்து என்னைப் படிக்க அனுப்பிய மனுசனை, ஒரே சொல்லில் என்னிடமிருந்து எடுத்துவிட்டாயே.

பயப்படாதே, காட்டிக்கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
வாப்பாவின் கூட்டாளியின் மகள்,
நதீரா

கல்முனைக்குடி
30.09.2024

ராத்தா,

நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தில் "மீராமுகைதீன் நதீரா" என்று வாசித்தார். பிறகு சாட்சிக்கு "மீராமுகைதீன் ஸுல்பிகா". இருவர் பெயருக்கும் முன்னால் வாப்பா நிற்பார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மைமூனா நிமிர்ந்து பார்த்தார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் சிரித்தீர்கள்: "கூட்டாளிமார் ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான்."

எனக்காகப் பெற்ற வாப்பாவையே இல்லையென்றீர்கள். அப்போதாவது "இவ என்ட ராத்தா" என்று நான் சொல்லியிருக்கலாம். குனிந்து கையெழுத்து வைத்தேன். நீங்கள் சோறும் தின்னாமல் பஸ் ஏறினீர்கள். கலியாணத்துக்கும் வரவில்லை.

இப்போது படம் மீண்டும் சுவரில் இருக்கிறது. மைமூனாவிடம் உண்மையைச் சொன்னேன். "எங்களுக்கு அண்டைக்கே தெரியும். நீங்க எப்ப செல்லுவீங்க எண்டுதான் பாத்துக்கிட்டிருந்தம்" என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். வெட்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

முன்னர் போட்ட கடிதங்களுக்கும் பதிலில்லை. உங்கள் அறையை ஹிமாயா பூட்டிவிட்டாள். விருந்தாளிகள் வருகிறார்கள், திறப்பைத் தா என்று கேட்டேன். "வீடு இப்ப என்ட பேருல, உம்மா. அந்தக் கதவ பெரியம்மா வந்துதான் தொறக்கணும்" என்கிறாள்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
ஸுல்பிகா